வேதாரண்யத்தில் வராத புயல்

நவம்பர் 24, 2024, ஞாயிறு

விழுப்புரத்திலிருந்து திருத்துறைப்பூண்டி வரை சொல்ல ஒன்றுமில்லை. தூங்கிக்கொண்டே போனேன். அங்கே வேதாரண்யம் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்த பிறகுதான் கண்ணைத் திறந்து வெளியே பார்த்தேன்.

கொஞ்ச தூரம் வயல். திடீரென்று தென்னை, மா, வீடுகள், ஒரு டீக்கடை. மறுபடி வயல். மறுபடி தென்னை, வீடுகள். அளந்து வைத்தது போல மாறி மாறி வந்தது. ஊர்ப் பெயர்களிலும் பாதி 'புலம்' என்று முடிகிறது: ஆயக்காரன்புலம், கருப்பம்புலம், குரவப்புலம். பக்கத்தில் காலிப் பூக்கூடையை மடியில் வைத்திருந்த அம்மாவிடம் கேட்டேன். "மேட்டுல குடியிருப்போம், பள்ளத்துல நடுவோம். வேற என்ன?" என்றார். இதைக்கூட ஒருத்தன் கேட்பானா என்கிற முகம்.

கடல் ஆயிரக்கணக்கான வருடங்களாகப் பின்வாங்கிப் பின்வாங்கி விட்டுப்போன மணல் வரப்புகள்தான் அந்த மேடுகள் என்று முன்பு எங்கோ படித்திருக்கிறேன். ஒவ்வொரு மேடும் ஒரு காலத்துக் கடற்கரை. ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது மேடும் தெரியவில்லை, பள்ளமும் தெரியவில்லை. எல்லாம் தட்டையாகத்தான் இருந்தது.

வேதாரண்யத்தில் லாட்ஜ், ஒரு நாளைக்கு 900 ரூபாய். ரிஜிஸ்டரில் 'வந்த நோக்கம்' என்ற கட்டத்தை நான் நிரப்புவதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார்.

"நிவாரணமா, டிவியா?"

எனக்குப் புரியவில்லை. நவம்பரில் வெளியூர் ஆள் பையோடு வந்தால் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று விளக்கினார். பூநாரை பார்க்க வந்தேன் என்றேன். அண்ணன் மகனிடம் இரவல் வாங்கிய பைனாகுலரைச் சாட்சிக்குக் காட்டினேன். வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி வலுக்கிறது என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொடுக்க எடுத்த சாவியைத் திரும்ப மாட்டிவிட்டு வேறு சாவி கொடுத்தார். "இது மேக்கப் பாத்த ரூம். காத்து அடிக்காது."

இரவு நாலு இட்லி, மீன் குழம்பு, 60 ரூபாய். குழம்பில் மாங்காய் போட்டிருந்தார்கள். இரண்டாவது முறை ஊற்றச் சொல்லிக் கேட்க வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன்.

நவம்பர் 25, திங்கள்

கோடியக்கரைக்கு ஆட்டோ, போக வர 600. கடல் வேலை குறைந்ததால் ஓட்ட வந்தவர் போல. முப்பது வயது இருக்கும். வழியில் அகத்தியம்பள்ளி தாண்டி இரண்டு பக்கமும் உப்பளம் விரிகிறது. அப்புறம் காடு. காட்டு வாசலில் வண்டியை மெதுவாக்கியதும் குரங்கு ஒன்று உள்ளே கையை விட்டு என் காலை உணவை, ஒரு முழு பன் பாக்கெட்டை, எடுத்துக்கொண்டது. "கொடுத்துடுங்க சார், இல்லன்னா கண்ணாடியக் கேக்கும்" என்றார் ஆட்டோக்காரர்.

1967-லிருந்து இது சரணாலயம். வெளிமானுக்காக ஏற்பட்டது. மான்கள் இருந்தன, மழைக்கு முந்தைய அந்த மங்கல் வெளிச்சத்தில் புல்வெளியில் அசையாமல் நின்றன. மட்டக்குதிரைகள் ஏழெட்டு. யாரோ எப்போதோ விட்டுப்போன வளர்ப்புக் குதிரைகளின் வாரிசுகள் என்கிறார்கள். 2018 கஜா புயலில் மானும் குதிரையும் நிறையச் செத்தன. காடு இன்னும் அதைக் காட்டுகிறது: பாலை மரங்கள் சில ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே துளிர்த்து, அந்தச் சாய்விலேயே வளர்ந்திருக்கின்றன.

பூநாரைகள்? பார்த்தேன். மிகத் தூரத்தில், தண்ணீருக்கு மேல் ஒரு வெள்ளைக் கோடு. பைனாகுலரில் பார்த்தால் கொஞ்சம் தடித்த வெள்ளைக் கோடு.

ராமர் பாதம் என்று ஒரு மேடு, மேலே சிறு மண்டபம். இந்த வட்டாரத்திலேயே உயரமான இடம் என்றார் ஆட்டோக்காரர். ஏறி முடிக்க எனக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. மேலிருந்து பார்த்தால் சதுப்பு, உப்பு, காடு, அதற்கப்பால் கடல். எல்லாம் ஒரே தட்டில் பரிமாறியது மாதிரி இருந்தது. "தண்ணி வந்தா எல்லாரும் இங்கதான் ஓடி வரணும். ஆனா அம்பது பேருக்கு மேல நிக்க முடியாது" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் சிரித்ததுதான் அன்றைக்கு ரொம்ப நேரம் மனதில் நின்றது.

கடற்கரையில் சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று சொல்லப்படும் செங்கல் கட்டடம். அடிப்பகுதி மட்டும்தான் மிச்சம். பல நூறு ஆண்டுகள் எத்தனையோ புயலுக்கு நின்றது, 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி அலையில் விழுந்தது. ஆடு ஒன்று அதன் நிழலில் படுத்திருந்தது.

கோடியக்கரையில் பருவத்துக்கு வந்து கொட்டகை போட்டுத் தங்கி மீன் பிடிப்பவர்கள் நிறையப் பேர். வெவ்வேறு ஊர்க்காரர்கள். அன்றைக்கு எல்லோரும் படகுகளை டிராக்டர் வைத்து மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வந்துவிட்டது. பெரியவர் ஒருவர் வலையைச் சுருட்டியபடி காற்றுக் கணக்கைச் சொன்னார்: "வாடையிலயே நின்னு வலுத்துக்கிட்டே போச்சுன்னா நம்மள நோக்கித்தான் வருதுன்னு அர்த்தம் தம்பி. மேக்க திரும்பிடுச்சுன்னா வடக்க ஏறிடுச்சு, பயமில்ல."

லாட்ஜுக்குப் போய்ப் படம் வரைந்து பார்த்தேன். நம் பக்கத்துப் புயல் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழல்வது. மையம் நேராக நம்மை நோக்கி வந்தால் காற்றுத் திசை மாறாமல் வேகம் மட்டும் கூடும். மையம் நமக்கு வடக்கே விலகினால் காற்று திரும்பி மேற்கிலிருந்து அடிக்கும். பெரியவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிசகு இல்லை.

மதியம் வாவல் வறுவலோடு சாப்பாடு, 150 ரூபாய். "இன்னைக்குப் பிடிச்சதுல கடைசி" என்று சொல்லி வைத்தார்கள்.

நவம்பர் 26, செவ்வாய்

விடிந்ததும் மழை. பள்ளிக்கூடம் லீவு. காட்டுக்குள் யாரையும் விடவில்லை. ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், நாளைக்குப் புயல், பெயர் ஃபெஞ்சல், சவுதி அரேபியா கொடுத்தது என்று டிவி சொன்னது. பத்து மணிக்குக் கரண்ட் போனது, அதோடு டிவியும்.

குடையைப் பிரித்த நாலாவது அடியில் அது மேல் நோக்கி மலர்ந்துவிட்டது. லாட்ஜ் வரைக்கும் திரும்பாமல் எதிரே இருந்த டீக்கடைக்கு ஓடினேன். நல்லதாகப் போயிற்று. அந்தக் கடைக்கார அம்மாவுக்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

58 வயது. டீ 12 ரூபாய், வாழைக்காய் பஜ்ஜி 8. அடுப்பில் வேலை செய்துகொண்டே பேசினார். நான் புயலைப் பற்றிக் கேட்கவில்லை, சத்தியமாக. "பயமா இருக்கா தம்பி?" என்று அவர்தான் ஆரம்பித்தார்.

1977 நவம்பர் 12. அவருக்கு 11 வயது. கீற்று வீடு. தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது அப்பா அவரையும் தம்பியையும் பரணில் ஏற்றிவிட்டுக் கீழே நின்றுகொண்டார். காலையில் தெருவில் மாடுகள் மிதந்தன. (அந்தப் புயலில் தமிழகத்தில் 500 பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த வாரமே ஆந்திராவில் திவி பகுதியைப் பல ஆயிரம் உயிர்களோடு கொண்டுபோன புயல் வந்ததால், நாகைப் புயலை வெளியூர்க்காரர்கள் மறந்துவிட்டார்கள்.) அதற்குப் பிறகு அப்பா வீட்டைத் திரும்பக் கட்டும்போது இடுப்பளவுக்கு அஸ்திவாரத்தைத் தூக்கிவிட்டார். சொந்தக்காரர்கள் கேலி செய்தார்களாம், ஏணி வைத்துத்தான் விருந்துக்கு வரணுமா என்று.

2004. "வானம் கழுவி வெச்ச மாதிரி இருந்துச்சு. மழையுமில்ல, காத்துமில்ல. என்ன வந்துச்சுன்னே எங்களுக்குத் தெரியல." நாகை மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல் போன அந்தக் காலையில், வேதாரண்யம் கரையில் பல இடங்களை உயரமான மணல்மேடுகள் தாங்கிக்கொண்டன. ஆனால் அந்த அம்மாவின் நாத்தனார் வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார். அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பஜ்ஜியை எண்ணெயிலிருந்து எடுத்து வைத்தார்.

அதற்குப் பின் கடலைக் கண்டாலே ஆகவில்லை. கரையோர வீட்டை விட்டு உள்ளே தள்ளி, மேட்டில், கான்கிரீட் வீடு. சுற்றி 60 தென்னை. கடல் எவ்வளவு ஏறினாலும் இங்கே வராது.

"வரலதான்" என்றார். "கஜா மேல இருந்துல்ல வந்துச்சு."

2018 நவம்பர் 15 இரவு. வடக்கே இருந்து அடித்தது. நள்ளிரவு தாண்டி ஒரு நிமிஷத்தில் நின்றுபோனது. வெளியே வந்து பார்த்தால் நட்சத்திரம். முடிந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர் மாட்டை அவிழ்க்கப் போனார். இவர் மாமனார் மட்டும், 1952 புயலைப் பார்த்தவர், "இன்னும் பாதி இருக்கு, உள்ள வாங்க" என்று கத்தினார். புயலின் கண் தலைக்கு மேல் கடந்துகொண்டிருந்த நேரம் அது. கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து காற்று. முதல் காற்று ஒரு பக்கம் சாய்த்து வேரை அசைத்த மரங்களை இரண்டாவது காற்று எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடுங்கியது. 60 தென்னையில் நின்றது மூன்று. வேலியோரம் யாரும் நடாமல் தானாக முளைத்த பனைமரங்கள் அப்படியே நின்றன.

"நாங்க தயாராத்தான் தம்பி இருந்தோம், ஒவ்வொரு தடவையும். என்ன, முந்தின தடவைக்குத் தயாரா இருந்தோம்."

டீயை இன்னொரு முறை ஆற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

மாலை லாட்ஜில் மெழுகுவத்தி, ஒன்று 10 ரூபாய். மேனேஜர் அதை என் கையில் கொடுத்துவிட்டு, "திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு. பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்றார். கஜாவுக்குப் பிறகு அவர் தெருவுக்குக் கரண்ட் வர ஒரு மாதம் ஆனதாம். மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பம் விழுந்திருந்தால் வேறெப்படி? அந்த ஒரு மாதம் முழுக்க இந்தப் பழமொழியை யாராவது ஒருவர் தினமும் சொல்லி, யாராவது ஒருவர் தினமும் சிரித்திருக்கிறார்கள்.

நவம்பர் 27, புதன்

மழை. படுத்திருந்தேன். இட்லி. மழை. வீட்டிலிருந்து ஏழு போன். "அங்க எதுக்கு உக்காந்திருக்கீங்க?" என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. உண்மையைச் சொன்னால், புயலைப் பார்க்க எனக்குள் ஒரு ஆசை இருந்தது. அதை அந்த டீக்கடையில் சொல்ல முடியாது.

கடலுக்கு அந்தப்பக்கம் அம்பாறை, மட்டக்களப்புப் பகுதிகளில் வெள்ளம், உயிர்ச்சேதம் என்று மேனேஜரின் போனில் செய்தி வந்தது. "கஜான்னு பேரு வெச்சதே அவங்கதான்" என்றார். இலங்கை கொடுத்த பெயர்தான் அது.

நவம்பர் 28, வியாழன்

மழை விட்டிருந்தது. புயல் இன்னும் புயலாகவில்லை. இருந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கிறது, நகரவில்லை என்றார்கள். அகத்தியம்பள்ளி உப்பளத்துக்குப் போனேன்.

மழை முடிந்து வெயில் காலத்தில் வந்தால்தான் உப்பு விளைவதைப் பார்க்கலாம். இப்போது பாத்தி எல்லாம் குளம். வரப்போரம் போன சீசன் உப்பு அம்பாரங்களாகக் குவித்து, பனை ஓலையும் தார்ப்பாயும் போட்டு மூடியிருந்தது. தூத்துக்குடிக்கு அடுத்தபடி தமிழ்நாட்டில் உப்பு விளையும் இடம் இதுதான். மேஸ்திரி ஒருவர் தார்ப்பாயின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். மழை நான்கு மாதமும் கூலி கிடையாது என்றார். கஜாவில் அம்பாரம் கரைந்தது ஒரு பக்கம். கடல் கொண்டுவந்து போட்ட கறுப்புச் சேறு இன்னொரு பக்கம். "உப்பு போனா அடுத்த வருஷம் விளையும். சேத்த அள்ளாம பாத்தி கட்ட முடியாதே" என்று அவர் கையால் முழங்கால் அளவு காட்டினார்.

அந்த அளவு எனக்குக் கூடிய சீக்கிரம் நன்றாகவே விளங்கியது. வரப்பில் திரும்பும்போது வழுக்கி இடது கால் உள்ளே போனது. காலை எடுத்தேன், செருப்பு வரவில்லை. மேஸ்திரி கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, "சீசன்ல வாங்க, எடுத்து வைக்கிறேன்" என்றார்.

ஒற்றைச் செருப்போடு உப்பு சத்தியாக்கிரக நினைவுத்தூணைப் பார்த்தேன். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் புறப்பட்டவர்கள் நடந்து வந்து, ஏப்ரல் 30 அன்று இங்கே உப்பள்ளினார்கள். தூணைச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் 1952 தண்ணீர் எதுவரை வந்தது, 1977 தண்ணீர் எதுவரை வந்தது என்று ஒரு கோடு, ஒரு கல், இந்த ஐந்து நாளில் என் கண்ணில் படவில்லை. அந்தக் கோடுகள் எல்லாம் ஆட்களிடம்தான் இருக்கின்றன. டீக்கடை அம்மாவின் மாமனார் போன வருடம் தவறிவிட்டார்.

புதுச் செருப்பு 180 ரூபாய். ஒரு எண் பெரியது. வேறு இல்லை.

நவம்பர் 29, வெள்ளி

காலையில் ஆட்டோக்காரர் தானாகவே லாட்ஜுக்கு வந்தார். "சார், காத்து மேக்க சாயுது. பெரியவரு படக எறக்கலாம்ன்றாரு." வெளியே வந்து முகத்தைக் காட்டி நின்றேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மதியம் டிவியில் ஒரு வழியாகப் புயல் என்று அறிவித்தார்கள். வடக்கே போகிறது, காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், புதுச்சேரியை ஒட்டிக் கடக்கும்.

ஊரில் நிம்மதி என்று எழுத ஆசை. உண்மையில் எரிச்சல்தான் தெரிந்தது. நாலு நாள் கடல் இல்லை, வேலை இல்லை, வயலில் சம்பா மூழ்கிக் கிடக்கிறது, புயலும் வரவில்லை. புயல் வந்தால் நிவாரணமாவது வரும், மழைக்கு யார் வருவார்கள் என்றார் டீக்கடையில் ஒருவர். யாரும் மறுத்துப் பேசவில்லை.

கிளம்பும்போது அந்த அம்மா என் நம்பரை வாங்கிக்கொண்டார். தன் வீட்டுக்கு அழைத்துப்போய்த் தோட்டத்தைக் காட்டினார். 2018-க்குப் பிறகு வைத்த கன்றுகள் இந்த வருடம்தான் காய்க்க ஆரம்பித்திருக்கின்றன. ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்தார், இனிப்பு கொஞ்சம் குறைவு. இந்த முறை தென்னைக்கு நடுவில் வரிசையாகப் பனங்கொட்டையும் ஊன்றியிருக்கிறார்.

டிசம்பர் 1, ஞாயிறு, விழுப்புரம்

புயல் நேற்று இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. நவம்பர் 30. 1952-ல் நாகையைத் தாக்கியதும் நவம்பர் 30-தான், தற்செயல். கடந்ததோடு போகவில்லை, அப்படியே நின்றுவிட்டது. நின்று கொட்டியது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் புதிய பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் நிற்பது புதிதல்ல, அது ஏரி இருந்த இடம், ஊருக்கே தெரியும். ஆனால் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரும் என்று நான் நினைத்ததில்லை. கடலிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம் என்ற தைரியம்.

காலையில் வாசற்படி வரை. பத்து மணிக்கு ஹாலில் கணுக்கால். ஃபிரிட்ஜை மேஜை மேல் ஏற்றினோம். பைனாகுலரைப் பரணில் வைத்தேன். கரண்ட் இல்லை. மெழுகுவத்தி தேடியபோது லாட்ஜில் வாங்கியதன் மிச்சம் பைக்குள் இருந்தது.

சாயங்காலம் ஒரு நம்பர், பெயர் பதிந்திருக்கவில்லை. டீக்கடை அம்மா.

"டிவியில உங்க ஊரக் காட்டுறாங்க தம்பி. வீட்டுக்குள்ள வந்துருச்சா?"

வந்துவிட்டது என்றேன். மாடி இருக்கிறதா, அரிசி இருக்கிறதா, சுவிட்ச் போர்டைத் தொட்டார்களா என்று வரிசையாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். அப்புறம் கேட்டார்:

"உங்க தெரு மேடா, பள்ளமா?"

இருபத்திரண்டு வருடமாக அந்தத் தெருவில் இருக்கிறேன். ஒரு நிமிஷம் இருங்கம்மா என்று சொல்லிவிட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க டார்ச்சோடு வாசலுக்குப் போனேன்.